கோலனாஸ்கோபி நார்மல், ஆனால் அம்மாவுக்குப் பேதி நிற்கவில்லை. வேறு என்ன பார்க்கலாம்?

கட்டபெட்டுக்காரி | கோத்தகிரி பக்கம்

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவைப் பற்றிக் கேட்கத்தான் இந்த இழை. வயது 61. சொந்தமாகக் கொஞ்சம் தேயிலை இருக்கிறது, போன வருடம் வரை தானே பறித்தவர். ஒரு வருடம் ஆகப்போகிறது, வயிற்றால் போவது நிற்கவே இல்லை. தண்ணீராகப் போகிறது. ரத்தம் இல்லை, சளி இல்லை, காய்ச்சல் இல்லை, வலியும் பெரிதாக இல்லை. பகலில் ஆறேழு தடவை. ராத்திரியும் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடுகிறார். எடை நன்றாகக் குறைந்துவிட்டது, ரவிக்கை எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது.

மலப் பரிசோதனை, ரத்தம், சர்க்கரை, தைராய்டு, வயிற்று ஸ்கேன் எல்லாம் ஆயிற்று. கடைசியில் கீழே ஒரு ஆஸ்பத்திரியில் பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கோலனாஸ்கோபியும் செய்தோம். ‘நார்மல் ஸ்டடி’ என்று இரண்டு வரி ரிப்போர்ட். "ஐபிஎஸ்தான், டென்ஷனைக் குறையுங்கள்" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஐபிஎஸ் என்றால் குடலில் கோளாறு எதுவும் தெரியாமலே வயிறு கெடுவதாம். ஒன்றும் கேட்கவில்லை.

வெளியே போவதையே விட்டுவிட்டார். பேரகணி ஹெத்தையம்மன் பண்டிகைக்குப் போகாத வருடமே கிடையாது, இந்த முறை உடம்பு சரியில்லை என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டார். தோட்டத்து நடுவில் அவசரமாக வந்தால் எங்கே ஓடுவது என்ற பயம். என்னிடமே பாதிதான் சொல்கிறார், மீதியைத் துணி துவைக்கும்போது நானாகத் தெரிந்துகொள்கிறேன். யாராவது இப்படிப் பார்த்திருக்கிறீர்களா?

---

மஞ்சூர் மணி

டெஸ்ட் எல்லாம் நார்மல் என்றால் முதலில் சந்தோஷப்படுங்க தங்கச்சி. மாதுளை ஓட்டைக் காயவைத்துப் பொடி செய்து மோரில் கலந்து கொடுங்க. சுண்டைவற்றல் தினமும் சேருங்க. பால் டீயை நிறுத்துங்க. நம்ம ஊரில் ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிக்கிறோம் என்று யாராவது கணக்குப் பார்க்கிறோமா?

---

கூடலூர் பாத்திமா

கோலனாஸ்கோபி செய்யும்போது குடல் சுவரிலிருந்து பயாப்சிக்குத் துணுக்கு எடுத்தார்களா?

---

கட்டபெட்டுக்காரி

தெரியவில்லை அக்கா. ரிப்போர்ட்டில் அப்படி எதுவும் இல்லை. பில்லிலும் லேப் கட்டணம் எதுவும் காணோம். குடல் நன்றாகத்தானே இருந்தது, எதற்கு எடுக்க வேண்டும்?

---

கூடலூர் பாத்திமா

அந்தக் கேள்வியில்தான் எனக்கு ரொம்ப நாள் வீணாகப் போனது. என் குடலும் ‘நார்மல்’தான். இரண்டாவது தடவை வேறு டாக்டர், பார்க்க நன்றாக இருந்தும் ஐந்தாறு இடத்தில் கிள்ளி எடுத்து அனுப்பினார். லிம்போசைட்டிக் கொலைட்டிஸ் என்று வந்தது. இங்கே லேப் ஆள் ஒருவர் இருக்கிறாரே, கண்ணாடிச்சில்லு அண்ணன், அவர் சரியாகச் சொல்வார்.

---

கண்ணாடிச்சில்லு | சொந்த ஊர் உதகை, வேலை கோவையில், பேத்தாலஜி

அம்மாவை நான் பார்க்கவில்லை, அதனால் இதை நோய்க் கணிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அறுபது வயதுப் பெண்மணி, மாதக்கணக்கில் தண்ணீர்ப் பேதி, ரத்தம் இல்லை, கோலனாஸ்கோபி சுத்தம். இவ்வளவையும் சேர்த்துப் படித்ததும் எங்களைப் போன்றவர்களுக்குத் தோன்றுவது மைக்ரோஸ்கோபிக் கொலைட்டிஸ், அதாவது மைக்ரோஸ்கோப்பில் மட்டும் தெரியும் பெருங்குடல் அழற்சி. ராத்திரி எழுப்புகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஐபிஎஸ் பேதி பொதுவாகத் தூங்குகிற ஆளை எழுப்பாது. எடையையும் இப்படிக் குறைக்காது.

இந்த நோயில் கேமரா வழியாகப் பார்த்தால் பெருங்குடலின் உட்சுவர் பளபளவென்று, குறை சொல்ல முடியாதபடி இருக்கும். ரோட்டில் நின்று பார்த்தால் தேயிலைத் தோட்டம் முழுக்கப் பச்சைதான், உள்ளே இறங்கி இலையைத் திருப்பினால்தான் கொப்புள நோய் கண்ணில் படும். அதே கதை. சுவரிலிருந்து சின்னச் சின்னத் துணுக்காகக் கிள்ளி, பார்மலினில் போட்டு, ஸ்லைடாக்கிச் சாயமேற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

இரண்டு வகை இருக்கிறது. லிம்போசைட்டிக் வகையில், குடலின் மேற்பரப்புச் செல்களுக்கு இடையில் லிம்போசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள் புகுந்திருக்கும். 100 மேற்பரப்புச் செல்லுக்கு 20 அல்லது அதற்கு மேல் என்றால் அந்தப் பெயர். கொலாஜினஸ் வகையில், மேற்பரப்புக்கு நேர் கீழே கொலாஜன் என்ற நார்ப் புரதப் பட்டை ஒன்று தடித்துப்போயிருக்கும். ஆரோக்கியமான குடலில் அது மூன்று மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று பங்கு) அளவில் மெல்லிசாக இருக்கும், இதில் 10 மைக்ரானோ அதற்கு மேலோ இருக்கும். கொலாஜினஸ் வகையை முதலில் எழுதி வைத்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த லிண்ட்ஸ்ட்ரோம், 1976-இல். லிம்போசைட்டிக் என்ற பெயர் 1989-இல்தான் வந்தது. வைத்தியத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பது முக்கியம். மலக்குடலில் மட்டும் கிள்ளினால் நோய் இருந்தும் தப்பிவிடலாம். வலது பக்கப் பெருங்குடல், இடது பக்கப் பெருங்குடல் இரண்டிலும் எடுத்துத் தனித்தனி பாட்டிலில் அனுப்ப வேண்டும். 2021-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. இன்னொன்று, எங்களுக்கு வரும் சீட்டில் பாதி நேரம் ‘கோலன் பயாப்சி’ என்று மட்டும் இருக்கும். ‘நாள்பட்ட தண்ணீர்ப் பேதி, கோலனாஸ்கோபி நார்மல்’ என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அந்த வரி இருந்தால் நாங்கள் லிம்போசைட்டை எண்ணுவோம், பட்டையை அளப்போம், சந்தேகம் இருந்தால் கொலாஜனுக்கென்று தனிச் சாயமும் போடுவோம். துணுக்கு சாய்வாக வெட்டுப்பட்டால் நல்ல பட்டையே தடித்தது போலக் காட்டும் என்பதால் நேராக வெட்டுப்பட்ட இடத்தில்தான் அளக்க வேண்டும்.

முதலில் அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேளுங்கள். ஒருவேளை எடுத்திருந்தால் மெழுகுக் கட்டியும் ஸ்லைடும் லேபில் இருக்கும். அதையே இன்னொருவர் பார்த்துச் சொல்லலாம்.

---

மருந்துக்கடை | குன்னூர்

அம்மா என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்? டாக்டர் எழுதியது, கடையில் கேட்டு வாங்கியது, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது, எல்லாம். அட்டையைப் பார்த்து எழுதுங்கள், ஞாபகத்திலிருந்து வேண்டாம்.

---

கட்டபெட்டுக்காரி

போன் செய்தேன். எடுக்கவில்லையாம்.

மாத்திரை: பிரஷருக்கு அம்லோடிபின். முட்டி வலிக்கு ஒரு கேப்ஸ்யூல், அது பல வருடமாக. பறிக்கிற காலத்தில் தினமும் ஒன்று, சில நாள் இரண்டு. அது வயிற்றைப் புண்ணாக்கும் என்பதால் காலையில் வெறும் வயிற்றில் பான்டபிரசோல். அப்பா போன பிறகு தூக்கம் வராமல், மனசு சரியில்லாமல் இருந்தார் என்று ஒரு டாக்டர் செர்ட்ராலின் கொடுத்தார், அதுவும் ஓடிக்கொண்டிருக்கிறது.

---

மருந்துக்கடை

முட்டிவலி கேப்ஸ்யூல் அட்டையில் சின்ன எழுத்தில் என்ன போட்டிருக்கிறது?

---

கட்டபெட்டுக்காரி

அசெக்ளோபெனாக், ரபெப்ரசோல் என்று இரண்டு பெயர் இருக்கிறது அண்ணா.

---

மருந்துக்கடை

அதைத்தான் எதிர்பார்த்தேன். ஒரே கேப்ஸ்யூலுக்குள் வலி மருந்தும் கேஸ் மருந்தும். அப்புறம் தனியாகப் பான்டபிரசோல். ரபெப்ரசோலும் பான்டபிரசோலும் ஒரே குடும்பம். அம்மாவைக் கேட்டால் ‘ஒரு முட்டிவலி மாத்திரை, ஒரு கேஸ் மாத்திரை’ என்பார். உண்மையில் கேஸ் மருந்து இரட்டிப்பாகப் போகிறது.

மைக்ரோஸ்கோபிக் கொலைட்டிஸோடு அடிக்கடி சேர்த்துப் பேசப்படும் மருந்துகளில் டைக்ளோபெனாக், அசெக்ளோபெனாக், ஐபுபுரூபன் போன்ற வலி மருந்துகள் உண்டு. லான்சபிரசோல், ஒமிபிரசோல் என்று அந்த ‘பிரசோல்’ வகை முழுதும் உண்டு. செர்ட்ராலின் மாதிரியான மனச்சோர்வு மருந்துகளும் உண்டு. உங்கள் பட்டியலில் மூன்றும் இருக்கிறது. இவைதான் காரணம் என்று நிரூபணமாகிவிடவில்லை, சேர்ந்து காணப்படுகின்றன, அவ்வளவுதான். ஆனாலும் டாக்டரிடம் போகும்போது அட்டைகளை ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

செர்ட்ராலினை நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். தலைசுற்றல், பதற்றம், தூக்கமின்மை எல்லாம் வரும், அதை மெல்லத்தான் குறைக்க வேண்டும்.

என் தொழிலையே திட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இந்த மலையில் ஐம்பது தாண்டிய பறிக்கிற பெண்களில் பாதிப் பேர் கூடையோடு வந்து அந்த ஒரு கேப்ஸ்யூலைத்தான் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். முட்டி வலிக்கு அவர்களுக்கு வேறு என்ன வழி இருக்கிறது? சரிவில் நாள் முழுக்க நிற்கிற வேலை. குளிரில் வலி இன்னும் கூடும்.

---

எல்லநள்ளி வாத்தியார் | ஓய்வு பெற்றவர்

சற்றே விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 19-ஆம் நூற்றாண்டில் மலை வாசஸ்தலங்களுக்கு வந்த ஆங்கிலேயர்களுக்கு நாள்பட்ட பேதி வந்து, அவர்களின் மருத்துவர்கள் அதற்கு ‘மலைப் பேதி’ என்றே தனிப்பெயர் வைத்து எழுதியிருக்கிறார்கள். 1880 வாக்கில் சிம்லாவில் அது பெரிய பேச்சு. மலை உயரமே குடலைக் கெடுக்கிறது என்றுகூட நம்பினார்கள். நம் குன்னூரிலும் ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் நூறாண்டுக்கு முன்னர் குரங்குகளுக்குச் சத்துக் குறைந்த உணவைக் கொடுத்து அவற்றின் குடல் என்ன ஆகிறது என்று ஆராய்ந்தார். ஆக, மலைக்கும் வயிற்றுக்கும் பழைய வழக்கு. இந்த நோயும் அந்த மலைப் பேதியும் ஒன்றாக இருக்குமா என்று கண்ணாடிச்சில்லு சொல்லட்டும்.

---

கண்ணாடிச்சில்லு

இல்லை சார். பழைய வர்ணனைகளில் விடியற்காலையில், வெளுத்த நிறத்தில், நுரைத்து, நிறையப் போகும் என்று இருக்கும். அது ஸ்ப்ரூ ஜாதி. சிறுகுடல் கொழுப்பை உறிஞ்சாததால் வருவது. மலம் எண்ணெய்ப் பிசுக்காக மிதக்கும், நாற்றம் தாங்காது. நாம் பேசுவது பெருங்குடல் தண்ணீரைத் திரும்ப இழுத்துக்கொள்ளாததால் வரும் வெறும் தண்ணீர்ப் பேதி. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது நம் பக்கத்தில் முக்கியம், ஏனென்றால் தென்னிந்தியாவில் ஸ்ப்ரூ நிஜமாகவே இருந்த நோய். 1960-களில் வேலூரைச் சுற்றிய கிராமங்களில் கொள்ளை நோய் மாதிரியே பரவி, அங்கே சிஎம்சி மருத்துவக் கல்லூரியில் மாத்தன், பேக்கர் போன்றவர்கள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

கட்டபெட்டு, அம்மாவுக்கு எப்படிப் போகிறது? நிறம், பிசுக்கு?

---

கட்டபெட்டுக்காரி

வெறும் தண்ணீர், மஞ்சள் கலர். பிசுக்கு இல்லை. (இதை எழுதுவேன் என்று கனவிலும் நினைக்கவில்லை.)

---

மஞ்சூர் மணி

எல்லாம் சரி. நார்மல் என்று எழுதிக் கொடுத்த பிறகும் மறுபடி ஒரு கோலனாஸ்கோபி, மறுபடி பணம். காசில்லாதவன் என்ன செய்வான்? மேலேயிருந்து ஒவ்வொருவரையும் கோயமுத்தூருக்கு இறக்குவதுதான் வைத்தியமா? நோய்க்குப் பெயர் வைத்துவிட்டால் தீர்ந்துவிடுமா?

---

அரவேணு டாக்டர் | பொது மருத்துவம்

மணி சொல்வதில் நியாயம் இருக்கிறது, நானும் அங்கேயே தொடங்குகிறேன். நம்மிடம் வரும் நாள்பட்ட பேதியில் பெரும்பாலானவற்றுக்கு மைக்ரோஸ்கோபிக் கொலைட்டிஸ் காரணம் இல்லை. குறைந்த செலவில் கண்டுபிடிக்கக்கூடியவற்றை முதலில் தள்ளிவிட வேண்டும்.

ஹட்டிக்கு (படுகர் ஊருக்கு)ப் பக்கத்து ஊற்றுத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி அப்படித்தான் வரும். ஒரு தடவை மலம் பார்த்து இல்லை என்று வந்தால் போதாது, வெவ்வேறு நாளில் மூன்று மாதிரி பார்க்க வேண்டும். சர்க்கரை நோயாளி என்றால் மெட்பார்மின் மாத்திரை. தைராய்டு அதிகமாகச் சுரப்பது. பால் ஒத்துக்கொள்ளாதது. குடல் காசநோய், அதில் பெரும்பாலும் காய்ச்சல், வலி, கோலனாஸ்கோபியில் புண் ஏதாவது இருக்கும். கோதுமை குடலுக்கு ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் நம் பக்கம் குறைவு, ஆனால் மைக்ரோஸ்கோபிக் கொலைட்டிஸ் இருப்பவர்களில் சிலருக்கு அதுவும் சேர்ந்தே இருக்கும், அதனால் டிடிஜி என்ற ரத்தப் பரிசோதனையைச் சேர்த்துப் பார்த்துவிடுவது நல்லது. மலத்தில் அழற்சியைக் காட்டும் கால்ப்ரொடெக்டின் பார்த்து அது நார்மலாக இருந்தால், குடல் அழற்சியே இல்லை என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்த நோயில் அதை நம்ப முடியாது.

கட்டபெட்டு எழுதியதில் இவற்றில் பலவும் ஏற்கெனவே பார்த்தாயிற்று. என் யோசனை: டாக்டரிடம் பேசி அந்த முட்டிவலி கேப்ஸ்யூலையும் இரண்டு ‘பிரசோலை’யும் முதலில் நிறுத்துங்கள். வலி மருந்து இல்லையென்றால் அதற்காகக் கொடுத்த கேஸ் மருந்துக்கும் வேலை இல்லை. முட்டிக்குப் பாரசிட்டமால், மேலே தடவும் மருந்து, பிசியோ. சில வாரம் பார்த்துவிட்டு நிற்கவில்லை என்றால் மட்டும் மறுபடி கோலனாஸ்கோபி. அறுபது தாண்டியவரை, குடலைச் சுத்தம் செய்வதற்காக மறுபடி பேதி மருந்து குடிக்க வைத்து, காட் ரோட்டில் இறக்கிக் கொண்டுபோவது சின்ன விஷயமில்லை.

---

கண்ணாடிச்சில்லு

டாக்டர் சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. மருந்தை நிறுத்துவது சரி, ஆனால் அதற்காகப் பயாப்சியைத் தள்ளிப்போட வேண்டாம். இந்த நோய் தானாகவே கூடும், தானாகவே குறையும். நிறுத்திய பிறகு குறைந்தால் அது மருந்தினாலா, நோயின் போக்கா என்று சொல்ல முடியாது. குறையாவிட்டால் அம்மா இன்னும் எடை இழந்திருப்பார். ராத்திரி எழுகிறார், இளைத்துவிட்டார், ஒரு வருடம் ஆகப்போகிறது. இனியும் எதற்குக் காத்திருப்பது? முதல் தடவையே நான்கு துணுக்கு எடுத்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. மணி கேட்ட காசுக் கேள்விக்கும் அதுதான் பதில். பயாப்சி எடுக்காத கோலனாஸ்கோபிதான் வீண் செலவு.

---

அரவேணு டாக்டர்

இந்த அம்மா விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். எல்லோருக்கும் பொதுவான விதியாக வேண்டாம். மலைமேல் இருந்து பார்க்கிறவனுக்கும் கீழே லேபில் இருந்து பார்க்கிறவருக்கும் கணக்கு வேறு.

---

கேத்தி சுரேஷ்

மெட்பார்மின் என்று டாக்டர் சொன்னதால் ஒரு வரி. எனக்கும் இதே மாதிரி ஓடிக்கொண்டிருந்தது, இந்த இழையைப் படித்துவிட்டு எனக்கும் கொலைட்டிஸ்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். டாக்டர் மெட்பார்மினை மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றி அளவையும் குறைத்தார். நின்றுவிட்டது. வேறு எதுவும் செய்யவில்லை.

---

நெறியாளர்

அளவு, பிராண்டு கேட்டுத் தனிச் செய்தி அனுப்ப வேண்டாம். பொதுவில் பேசுங்கள். ‘ஆஸ்பத்திரி பெயர் சொல்லுங்கள்’ பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

---

கட்டபெட்டுக்காரி

தாமதத்துக்கு மன்னிக்கவும். வேறு இடத்தில் காட்டினோம். அட்டைப் பையைப் பார்த்ததும் அந்த டாக்டர் சிரித்துவிட்டு, முட்டிவலி கேப்ஸ்யூலையும் பான்டபிரசோலையும் அன்றே நிறுத்தினார். செர்ட்ராலினைக் கொடுத்த டாக்டரிடம் பேசி மெல்லக் குறைக்கச் சொன்னார். கோலனாஸ்கோபியில் இந்த முறையும் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் வலது பக்கமும் இடது பக்கமும் எடுத்தார்கள். நான் சொல்லாமலே சீட்டில் அந்த வரி இருந்தது.

ரிப்போர்ட்: கொலாஜினஸ் கொலைட்டிஸ். பட்டை 18 மைக்ரான்.

அம்மாவிடம் சொன்னதும் முதலில் கேட்டது "கேன்சரா?" என்றுதான். இல்லை என்றேன். அப்புறம் கேட்டது "அப்ப இது என் மனசு செய்த வேலை இல்லைதானே?" என்று.

பியூடசோனைடு எழுதியிருக்கிறார்கள். ஸ்டீராய்டு என்று கூகுளில் படித்துவிட்டுத் தம்பி பயப்படுகிறான்.

---

கூடலூர் பாத்திமா

நானும் அதைத்தான் சாப்பிட்டேன். முதல் வாரத்துக்குள்ளேயே வித்தியாசம் தெரிந்தது, ராத்திரி எழுவது முதலில் நின்றது. எல்லோருக்கும் அவ்வளவு வேகமாக வராதாம். முகம் உப்பவில்லை. நிறுத்திய பிறகு திரும்பி வந்தது, அதற்கும் மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

கேன்சர் பயம் எனக்கும் இருந்தது. இந்த நோய் பெருங்குடல் புற்றுநோயாக மாறுவதில்லை என்று என் டாக்டர் ரிப்போர்ட்டின் ஓரத்திலேயே எழுதிக் கொடுத்தார்.

---

சோலூர் ஜெயா

பியூடசோனைடு என்றால் என் வீட்டுக்காரர் மூச்சிரைப்புக்கு இழுக்கும் மருந்துதானே? அதையே இழுத்தால் போதாதா?

---

அரவேணு டாக்டர்

மருந்து ஒன்று, போய்ச் சேரும் இடம் வேறு. இழுப்பது நுரையீரலுக்கு. குடலுக்கான கேப்ஸ்யூலில் மருந்தைச் சுற்றிப் பூச்சு இருக்கும், வயிற்றில் கரையாமல் சிறுகுடலின் கடைசிப் பகுதிக்கும் பெருங்குடலுக்கும் போய்த்தான் கரையும். இன்ஹேலரை இழுத்து இந்த நோய் தீராது.

தம்பியின் பயத்துக்கு: குடலில் உறிஞ்சப்படும் பியூடசோனைடில் 90 சதவீதம் அளவுக்குக் கல்லீரல் முதல் சுற்றிலேயே சிதைத்துவிடும். அதனால் பிரெட்னிசொலோன் என்ற வழக்கமான ஸ்டீராய்டை விடப் பக்கவிளைவு குறைவு, இந்த நோயில் பலனும் அதிகம். வழக்கமான தொடக்க அளவு ஒரு நாளைக்கு 9 மில்லிகிராம், ஆறு முதல் எட்டு வாரம். கிரேப்ஃப்ரூட் பழச்சாறும், கீட்டோகோனசோல் போன்ற பூஞ்சை மருந்தும் கல்லீரலின் அந்த வேலையைத் தடுக்கும், இரண்டையும் தவிர்க்கவும். காசநோய் முன்பு வந்திருந்தால், வீட்டில் யாருக்காவது இருந்தால், டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

லேசாக இருப்பவர்களுக்கு லோபெரமைடு மட்டும் போதும், ஆனால் அது ஓட்டத்தைக் குறைக்குமே தவிர அழற்சியை ஆற்றாது. ரத்தமோ காய்ச்சலோ இருந்தால் அதைத் தொடவே கூடாது. மெசலமின் மற்ற குடல் அழற்சிகளுக்கு நல்ல மருந்து, இதற்கு ஐரோப்பிய வழிகாட்டுதல் பரிந்துரைக்கவில்லை. புரோபயாட்டிக்கும் அப்படியே. தயிர் சாப்பிடுவது உங்கள் விருப்பம்.

வீட்டில் யாராவது புகைப்பவர்கள் என்றால் அதையும் கேட்டுவிடுகிறேன். நோயாளி புகைத்தால் நோய் சீக்கிரம் வருகிறது, அடங்குவதும் கஷ்டம். நம் அம்மாக்களுக்கு அந்தக் கேள்வி பொருந்தாது என்பார்கள், எஸ்டேட் லைன்களில் பீடி பிடிக்கும் பாட்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

---

எல்லநள்ளி வாத்தியார்

ஆண்களுக்கு வராதா?

---

கண்ணாடிச்சில்லு

வரும் சார். பெண்களுக்கு அதிகம், கொலாஜினஸ் வகையில் இன்னும் அதிகம். வயதும் அப்படித்தான். அறுபதை ஒட்டியவர்களே நிறைய, ஆனால் கொலாஜினஸ் நோயாளிகளில் கால்வாசிப் பேர் 45 வயதுக்குக் கீழே என்று கணக்கு உண்டு. முப்பது வயதுப் பையன் என்பதற்காகத் துணுக்கு எடுக்காமல் விடுவதும் தவறு.

---

கட்டபெட்டுக்காரி

பாத்திமா அக்கா சொன்னதே நடந்தது. மருந்து சாப்பிட்ட வரை அம்மா பழைய அம்மாவாக இருந்தார். கோர்ஸ் முடிந்து கொஞ்ச நாளில் மறுபடி ஆரம்பித்துவிட்டது, முன்பு அளவு இல்லை, ஆனால் இருக்கிறது. வலி மாத்திரை திருட்டுத்தனமாகச் சாப்பிடுகிறாரா என்று டப்பாவைச் சோதித்தேன், இல்லை. இப்போது என்ன?

---

அரவேணு டாக்டர்

நிறுத்தியதும் திரும்புவது இந்த நோயில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நடக்கிறது, மருந்து தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. மறுபடி தொடங்கி, அடங்கியதும் எவ்வளவு குறைவாகக் கொடுத்தால் அடங்கியே இருக்கிறதோ அந்த அளவிலேயே தொடர்ந்து கொடுப்பார்கள். 6 மில்லிகிராமோ, அதற்கும் கீழேயோ. நீண்ட நாள் என்றால் எலும்பைப் பார்க்க வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்மணி, எலும்பு அடர்த்தி ஸ்கேன் ஒன்று எடுத்து, கால்சியமும் வைட்டமின் டியும் சேர்ப்பது வழக்கம். நீங்களாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது.

இன்னொன்று கேளுங்கள். இந்த நோயாளிகளில் பலருக்குப் பித்த அமிலம் சரியாகத் திரும்ப உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்கு வந்து தானும் பேதியைத் தூண்டும். அதற்குக் கொலஸ்டிரமின் என்று ஒரு தூள் உண்டு. குடித்தால் மணல் மாதிரி இருக்கும், யாருக்கும் பிடிக்காது, ஆனால் சிலருக்கு நன்றாகக் கேட்கிறது. அது மற்ற மாத்திரைகளையும் பிடித்துக்கொள்ளும். அதனால் மற்ற மாத்திரைகளை ஒரு மணி நேரம் முன்னாடியோ, நான்கிலிருந்து ஆறு மணி நேரம் கழித்தோ சாப்பிட வேண்டும். தைராய்டுக்குத் தைராக்சின் சாப்பிடுகிறவர்கள் முக்கியமாகக் கவனிக்கவும்.

நோய் அடங்கிவிட்டதா என்பதை மறுபடி பயாப்சி எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு வாரச் சராசரியில் நாளுக்கு மூன்றுக்கும் குறைவாகப் போய், அதில் தண்ணீராகப் போவது ஒன்றுக்கும் குறைவு என்றால் அடங்கியது என்று வைத்துக்கொள்கிறோம். காலண்டரில் கோடு போட்டு வரச் சொல்லுங்கள்.

---

மஞ்சூர் மணி

மாதுளை ஓட்டை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. சரி, போகட்டும். ஒரு விஷயம் கேட்கிறேன், யாரும் எழுதவில்லை. என் அத்தைக்கும் கோலனாஸ்கோபி எழுதியிருக்கிறார்கள். முந்தின நாள் குடிக்கிற மருந்தைக் குடித்துவிட்டு மஞ்சூரிலிருந்து எப்படி இறங்குவது? பஸ்ஸில் குன்னூர் வருவதற்குள்ளேயே கதை முடிந்துவிடும். அப்புறம் 14 கொண்டை ஊசி வேறு.

---

கட்டபெட்டுக்காரி

நாங்களும் அதற்குத்தான் பயந்தோம் அண்ணா. வீட்டில் குடிக்கவே வேண்டாம். முந்தின நாள் காலையிலேயே இறங்கிவிடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் லாட்ஜோ, சொந்தக்காரர் வீடோ, பாத்ரூம் அறைக்குள்ளேயே இருக்கிற இடமாகப் பாருங்கள். மருந்துத் தண்ணீரைப் பாதியை அன்று சாயங்காலமும் மீதியை விடியற்காலையிலும் குடிக்கச் சொல்வார்கள். அத்தைக்குச் சிறுநீரகக் கோளாறு, இதய நோய் ஏதாவது இருந்தால் எந்த மருந்து என்று முன்பே கேளுங்கள். எங்களுக்குப் பாலிஎதிலீன் கிளைகால் கொடுத்தார்கள், வயதானவர்களுக்கு அதுதான் பாதுகாப்பு என்றார்கள். முடிந்த அன்றே மலை ஏற வேண்டாம், மயக்க மருந்து கொடுத்திருப்பார்கள், வளைவில் வாந்தி வரும். இறங்கும்போதே பேதி இருந்தால் காரில் வருவது நல்லது, பர்லியாரில் கடைப் பக்கம் நிறுத்திக்கொள்ளலாம். மாற்றுத் துணி ஒரு பையில், அத்தை கேட்காமலே வைத்துவிடுங்கள்.

அப்புறம் படுக்க வைக்கும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள், குடல் நன்றாக இருந்தாலும் இரண்டு பக்கமும் பயாப்சி எடுப்பீர்களா என்று.

---

மஞ்சூர் மணி

மேட்டுப்பாளையத்தில் என் மச்சான் வீடு இருக்கிறது. அங்கே தங்க வைக்கிறேன். அந்தக் கேள்வியை யாராவது ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் நல்லது, டாக்டர் முன்னால் எனக்கு வாய் வராது.

---

கண்ணாடிச்சில்லு

எழுதிக்கொள்ளுங்கள் அண்ணா: "நாள்பட்ட தண்ணீர்ப் பேதி. பார்க்க நார்மலாக இருந்தாலும் வலது, இடது பெருங்குடலில் பயாப்சி எடுத்துத் தனித்தனி பாட்டிலில் அனுப்ப முடியுமா?" இதோடு அத்தை சாப்பிடும் மாத்திரை அட்டைகள். கேள்வியை வாயால் கேட்க வேண்டாம், சீட்டை நீட்டினால் போதும்.